அம்மாவுக்கும் ஒரு டிக்கெட் எடு

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் வேலந்தாவளம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நானும் என் தோழிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) பைத்தியம். சென்னையில் நடக்கும் காமிக் கான் என்ற காமிக்ஸ், அனிமே ரசிகர் விழாவுக்கு இந்த முறை எப்படியாவது போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நான் ஒரு போர்வீரர் வேடம் போடுகிறேன். ஃபோம் ஷீட்டில் மார்புக் கவசம், தோள் கவசம், நாலடி வாள் எல்லாம் பாதி முடிந்துவிட்டது. மேலங்கியை அம்மா தைத்துத் தந்தார். ‘நானும் கூட வந்தால்தான் அனுப்புவேன்’ என்று அவரேதான் சொல்கிறார். நான்கு பேருக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 10,000 ரூபாய். இரண்டு நாளும் பார்க்க ஆசை. லாட்ஜ் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அம்மாவை வெளியே உட்கார வைத்தால் ஒரு டிக்கெட் மிச்சம் என்கிறாள் ஒரு தோழி. இன்னொருத்திக்கு இன்ஸ்டாகிராமில் யாரோ பாதி விலைக்கு நுழைவுச்சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் நடப்பதற்குப் போனால் செலவு குறையுமா என்றும் குழப்பம். எப்படித் திட்டமிடுவது?
வேலந்தாவளம் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் பதில், அப்புறம் விளக்கம். 10,000 ரூபாயில் நான்கு பேரும் போய்த் திரும்பலாம். அம்மாவும் உள்ளே வரலாம். ஆனால் ஒரே நாள்தான். இரண்டு நாள் ஆசையை இந்த வருடம் விட்டுவிடு. வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி, சனிக்கிழமை பகல் முழுக்க அரங்கில் இருந்துவிட்டு, அன்று இரவே திரும்ப ரயில் ஏறினால் ஞாயிறு காலைக் காபியை வீட்டில் குடிக்கலாம். லாட்ஜ் என்ற பேச்சே வராது. இரண்டு நாள் என்றால் நுழைவுச்சீட்டே இரட்டிப்பாகும், நான்கு பெண்கள் நிம்மதியாகத் தூங்கும்படி ஓர் அறையும் வேண்டும், 15,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

நான் 22 வருடமாகப் பாலக்காட்டில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டமாக ஊர் பார்க்க அனுப்புவதும், சில சமயம் கூடவே போவதும் இதே வேலையில் சேர்ந்தது. கையில் பணம் குறைவாக இருக்கிற பிள்ளைகள் எதில் மிச்சம் பிடிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றபடி போவார்கள். ஆசைப்பட்டுப் பார்க்கப் போன இடத்தில் மத்தியானம் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். செலவில் முக்கால்வாசி, எந்த நாள் எந்த ரயில் என்று நீ முடிவு செய்கிற அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது. அங்கே கவனமாக இருந்துவிட்டால் இட்லிக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பெங்களூரா சென்னையா என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்தியாவில் காமிக் கான் முதலில் நடந்தது 2011 பிப்ரவரியில், டெல்லியில். சென்னைக்கு 2024 பிப்ரவரியில்தான் முதல் தடவை வந்தது, நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு. பெங்களூரில் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே நடக்கிறது. அங்கே ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் கண்காட்சி வளாகம்தான் வழக்கமான இடம். நம் பக்கத்திலிருந்து போகும் ரயில்கள் பல கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும். அங்கிருந்து ஒயிட்ஃபீல்டு வரை 2023-லிருந்து மெட்ரோ ஓடுகிறது. ரயில் தூரமும் சென்னையைவிடக் குறைவு. ஆக, பெங்களூரும் நமக்கு ஒன்றும் எட்டாத இடமில்லை. சென்னைத் தேதி உன் பரீட்சையோடு மோதினால் அதை யோசி. ஆனால் முதல் தடவை, அதுவும் அம்மாவோடு போகிறாய். நாலு பேரிடம் வழி கேட்கவும் கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் விசாரிக்கவும் தமிழ் போதும் என்பது பெரிய தைரியம். சென்னைக்கே போ.

இனி ரயில். கேரளத்தில் இருக்கிறோம் என்பதால் நம் பிள்ளைகள் உடனே பாலக்காடு ஜங்ஷன் என்று தேடுகிறார்கள். வேலந்தாவளத்துக்காரிக்கு மாநில எல்லையைத் தாண்டினால் கோவை. கோவையின் உக்கடம் பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில் நிலையம் பக்கம்தான். பஸ் தூரத்தைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு ரயில் கிளம்பும் ஊரில் ஏறி முடியும் ஊர்வரை போகிறவர்களுக்குத்தான் பொது ஒதுக்கீட்டில் பெர்த் அதிகம். மங்களூரிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வருகிற ரயில் பாலக்காட்டுக்கு வரும்போது பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். நடுவழியில் ஏறுகிறவர்களுக்குப் பல ரயில்களில் சின்னதாக ஒரு தனி ஒதுக்கீடுதான் மிஞ்சும். காத்திருப்புப் பட்டியலில் ஜிஎன்டபிள்யூஎல் (பொதுக் காத்திருப்பு) என்று வந்தால் நம்பிக்கை வைக்கலாம். பிக்யூடபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல் (நடுவழி ஒதுக்கீடுகளின் காத்திருப்பு) என்று வந்தால் அது நகர்வது மெதுவாக இருக்கும். சேரன் எக்ஸ்பிரஸ் கோவையிலேயே கிளம்பி சென்னை சென்ட்ரலில் முடிகிறது. நீ தேட வேண்டிய ரயில் அதுதான். இரவில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் காலையில் சென்ட்ரல். அதில் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை வழியாக வரும் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பார். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு சென்னை போகிற ரயிலும் ஒன்று உண்டு. அதில் நேரம் அதிகம் போகும், ஆனால் மற்ற இரண்டும் நிரம்பிவிட்டால் கைகொடுக்கும்.

உனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் கோவைக்காரர்கள் வெள்ளி இரவு ஊருக்கு வருவார்கள், ஞாயிறு இரவு திரும்பிப் போவார்கள். நீ போவது அந்தக் கூட்டத்துக்கு நேர் எதிர்த் திசை. வெள்ளி இரவு கோவையிலிருந்து சென்னைக்கும் சனி இரவு சென்னையிலிருந்து கோவைக்கும், நேரத்தோடு தேடினால், கிடைக்காமல் போவது அபூர்வம்.

நேரத்தோடு என்றால் எப்போது? முன்பு 120 நாளைக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். காலண்டரை எடுத்து வைத்துக்கொள். நிகழ்ச்சி சனிக்கிழமை, நீ ஏறுவது வெள்ளிக்கிழமை. வெள்ளியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணினால் அது ஒரு திங்கட்கிழமையில் வந்து நிற்கும். அன்று காலை 8 மணிக்குப் போகும் டிக்கெட் திறக்கும். சனி இரவு திரும்பும் டிக்கெட் மறுநாள் செவ்வாய் காலை 8 மணிக்குத் திறக்கும். திங்களும் செவ்வாயும் இரண்டு நாளும் நீ போனோடு உட்கார வேண்டும். நான்கு பேரின் பெயர், வயது எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஐஆர்சிடிசி கணக்கில் பயணிகள் பட்டியலில் ஏற்றி வைத்துவிடு. காலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

இந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு கல்லூரிப் பிள்ளைகள் 11 பேரைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். போகும் டிக்கெட் உறுதியானதும் பெரிய வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். திரும்பும் டிக்கெட்டை இரண்டு வாரம் கழித்து எடுத்தேன், காத்திருப்புப் பட்டியலில்தான் கிடைத்தது. வந்துவிடும் என்று நம்பினேன். யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல் (சார்ட்) போட்டபோது 11 பேரில் நான்கு பேருக்குத்தான் இடம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் காத்திருப்பிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ரயில் ஏற முடியாது. சென்ட்ரல் வாசலில் ஏழு பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியார் பஸ்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். அந்த நேரத்து விலை ரயில் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு. ஒரு பெண் தன் அப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த சட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கி வரலாமா என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து திரும்பும் டிக்கெட் உறுதியாகாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. உன்னையும் அனுப்பமாட்டேன்.

நீங்கள் நால்வரும் பெண்கள் என்பதால் இன்னொன்றும் செய்யலாம். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் ஒதுக்கியிருக்கிறார்கள். தனியாகப் போகும் பெண்ணும், பெண்கள் மட்டுமே உள்ள குழுவும் எடுக்கலாம், வயது வரம்பு இல்லை. டிக்கெட் தேடும்போது ஒதுக்கீடு என்ற இடத்தில் ‘லேடீஸ்’ என்று மாற்றிப் பார். நிறையப் பேருக்கு இது தெரியாது. ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், ஆறு பேர் வரை எடுக்கலாம் என்பதால் நால்வருக்கும் ஒரே டிக்கெட்டாகவே எடுத்துவிடலாம். தட்கலை மட்டும் நம்பி உட்காராதே. பயணத்துக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கும், விலை கூடுதல், உறுதியானதை ரத்து செய்தால் பணம் வராது. 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். எதற்கும் உன் கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்து வை.

நுழைவுச்சீட்டைப் பற்றி இரண்டே வார்த்தை. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் தங்கள் பக்கத்தில் எந்தத் தளத்தைச் சொல்கிறார்களோ அதில் மட்டும் வாங்கு. இன்ஸ்டாகிராமில் பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு க்யூஆர் கோடின் படம். அதே படத்தை அவர் பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம். வாசலில் முதலில் ஸ்கேன் செய்கிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்பார்கள். 500 கிலோமீட்டர் தாண்டிப் போய் அந்த ஒன்பது பேரில் ஒருத்தியாக உன் தோழி நிற்க வேண்டாம். சீட்டு ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி. சனிக்கிழமை என்று பார்த்து எடு. தேதி நெருங்க நெருங்க விலை ஏறுவது இதுபோன்ற நிகழ்ச்சிகளில் சகஜம், ஆகவே விற்பனை தொடங்கியதும் வாங்கிவிடு.

சரி, இப்போது உன் கவசத்துக்கு வருவோம். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த நாலடி வாள்தான். ரயிலில் பெட்டி, டிரங்கு போன்றவற்றுக்கு அளவு வைத்திருக்கிறார்கள்: நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 25. அதற்குள் அடங்கினால் கூடவே வைத்துக்கொள்ளலாம், ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். நாலடி என்றால் 120 சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. ஃபோம் என்பதால் எடை ஒன்றுமில்லை, ஆனால் நீளம் இடிக்கும். பெர்த்துக்கு அடியில் நுழையாது, மேலே வைத்தால் வருகிற போகிறவர் தலையில் தட்டும், காலையில் பார்த்தால் நுனி மடங்கிக் கிடக்கும். வாள் பாதி வேலையில்தானே இருக்கிறது? இப்போதே கைப்பிடிக்கு மேலே இரண்டாக அறுத்துவிடு. ஒரு பாதிக்குள் அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டைச் செருகி ஒட்டி, அடுத்த பாதியில் அது சரியாகப் போய் உட்காரும்படி துளை செய். சேரும் இடத்தில் ஒரு பட்டை போல ஃபோம் ஒட்டி வண்ணம் அடித்துவிட்டால் வாளின் அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள். மார்புக் கவசத்தையும் முன்பக்கம், பின்பக்கம் என்று பிரித்து, இரண்டையும் பக்கவாட்டில் வெல்க்ரோவால் இணை. ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் போல அடுக்கி, இடையில் அம்மா தைத்த மேலங்கியை மடித்து வைத்தால் கவசமும் நசுங்காது, துணியும் கசங்காது.

உள்ளே தண்டாகக் கம்பி எதுவும் வைக்காதே. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் வாசலிலேயே ஆயுதங்களைத் தொட்டு, வளைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உலோகமோ கூர்மையோ இருந்தால் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நடத்துகிறவர்கள் போடும் விதிமுறைப் பக்கத்தை உன் தோழிகளும் ஒரு தடவை படித்துவிடட்டும்.

பெயின்ட் ஸ்ப்ரே டப்பா, தின்னர், ஒட்டுப் பசை டின் எதையும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது. தீப்பற்றும் பொருள்கள் ரயிலில் தடை, பிடிபட்டால் அபராதமும் சிறையும் வரை போகும். வண்ண வேலையை ஒரு வாரம் முன்பே முடித்துக் காயவிடு. ஒட்டும் வேலையை வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு செய்யாதே, அந்தப் பசை வாடை தலைவலி தரும், திண்ணையில் உட்கார்ந்து ஒட்டு. வழியில் உடைந்தால் சரிசெய்ய இரட்டைப் பக்க டேப், சேஃப்டி பின், கொஞ்சம் எலாஸ்டிக், ஊசி நூல் போதும். ஊசி நூலை அம்மா எப்படியும் எடுத்துக்கொள்வார்.

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கியதும் அவசரப்படாதே. அரங்கு திறக்க இன்னும் நேரம் இருக்கும். காத்திருப்பு அறையில் முகம் கழுவி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பொடி இட்லியை அங்கேயே சாப்பிட்டுவிடலாம். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றிப் பொடி தடவி, வாழையிலையில் கட்டினால் மறுநாள் காலை வரை மெத்தென்று இருக்கும். பிறகு மெட்ரோவா மின்சார ரயிலா என்று கேட்பாய். மெட்ரோவில் பைகளை ஸ்கேனரில் வைக்க வேண்டும், உன் கவச மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னால் நேரம் போகும். சென்ட்ரலுக்கு எதிரே சுரங்கப்பாதை வழியாகப் போனால் பார்க் ஸ்டேஷன். தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறி கிண்டியில் இறங்கு. சில்லறைக் காசில் முடிந்துவிடும். கிண்டியிலிருந்து போரூர், பூந்தமல்லி போகும் டவுன் பஸ் நந்தம்பாக்கம் வழியாகத்தான் போகும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பக்கத்துப் பெண்கள் பலர் இது தெரியாமல் காசை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏறும்போதே சாதாரணப் பஸ்தானா என்று கேட்டுக்கொள்.

வேடத்தைச் சென்ட்ரலிலேயே போட்டுக்கொண்டு போகலாம் என்று உன் தோழிகள் ஆசைப்படுவார்கள். வேண்டாம். கவசத்தோடு பஸ் படியில் ஏறினால் தோள் கவசம் கம்பியில் மாட்டும். அரங்கில் உடை மாற்ற இடம் இருக்கும், வரிசையும் நீளமாக இருக்கும். அதனால் கவசத்துக்கு உள்ளே போடும் பேன்ட், சட்டையை மட்டும் காலையிலேயே போட்டுக்கொண்டு, மேலே ஒரு துப்பட்டா போர்த்திக்கொள். அங்கே போய் மேல் பாகங்களை மாட்டுவதுதான் பாக்கி. கவசம் போட்டிருக்கும்போது உட்காரச் சிரமமாக இருக்கும், வேர்வையும் கொட்டும், நிறையப் பேர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தப்பை மட்டும் செய்யாதே. ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து வாங்கி வைத்துக்கொள். காலுக்குப் புது ஷூ வேண்டாம், பழகிய செருப்பையே ஃபோம் ஒட்டி மறைத்துவிடு. மூன்று மணி நேரம் மட்டும் கவசத்தோடு இருந்துவிட்டு, மத்தியானம் கழற்றி வைத்துவிட்டு மற்றதைச் சுற்றிப் பார்.

உள்ளே போனதும் முதல் ஒரு மணி நேரம் பர்ஸைத் திறக்காதே. ஒரு சுற்று முழுக்க நடந்து பார். பெரிய கடைகளில் விற்கும் பொம்மைகளும் டிஷர்ட்களும் ஆன்லைனிலும் கிடைக்கும், பல நேரம் அங்கேதான் விலை குறைவு. வேறு எங்கும் கிடைக்காதவை ஒரு ஓரமாகச் சின்னச் சின்ன மேசைகளில் இருக்கும். தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து, தாங்களே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இளம் ஓவியர்கள். ஸ்டிக்கர், போஸ்ட்கார்டு, சின்ன பிரின்ட் எல்லாம் உன் பணத்துக்கு எட்டும் விலையில் இருக்கும். உன் வயதுதான் அவர்களுக்கும் இருக்கும். எப்படி வரைகிறார்கள், எங்கே அச்சடிக்கிறார்கள் என்று கேள், வாயாரச் சொல்வார்கள். அவர்களிடம் பேரம் பேசாதே. போஸ்டர் வாங்கினால் சுருட்டி வைக்க வீட்டிலிருந்தே ஓர் அட்டைக்குழாய் கொண்டுபோ, புடவைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அத்தனை ஆயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் 1,000 ரூபாயாவது சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.

சேரன் சென்னையில் இரவு பத்து மணியை ஒட்டிக் கிளம்புகிறது, நீலகிரி அதற்கு ஒரு மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்து, அதற்கு மூன்று மணி நேரம் முன்பே அரங்கை விட்டுக் கிளம்பிவிடு. அந்தச் சாலையில் சனிக்கிழமை மாலை நெரிசல் அதிகம். கடைசி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று ஒருத்தி அடம் பிடிப்பாள். அவளை இப்போதே ஒத்துக்கொள்ள வைத்துவிடு, அங்கே போய் வாக்குவாதம் வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்லீப்பர் ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு 400 ரூபாய் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள். நால்வருக்கும் போக வர 3,200. நுழைவுச்சீட்டு ஆளுக்கு 1,000 ரூபாயை ஒட்டி வரும், 4,000. உக்கடம் போக வர, சென்னைக்குள் சுற்ற, அவசரத்துக்கு ஓர் ஆட்டோ, எல்லாம் சேர்த்து 500. உள்ளே சாப்பாடு விலை கூடுதலாக இருக்கும், வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் டீ, ரயில் ஏறும் முன் இரவுச் சாப்பாடு எல்லாம் நால்வருக்கும் 1,300. மொத்தம் 9,000. மீதி 1,000 இருக்கிறது. அதில் 400 அம்மா கையில் அவசரத்துக்கு. மிச்சம் 600-ஐ நீங்கள் மூன்று பேரும் 200, 200 என்று பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நல்ல பிரின்ட் வாங்குங்கள்.

அம்மாவை வெளியே உட்கார வைத்தால் 1,000 ரூபாய் மிச்சம் என்று தோழி சொன்னதற்குக் கடைசியாக வருகிறேன். கணக்கு சரிதான். ஆனாலும் நான் சம்மதிக்கமாட்டேன். முன்பின் தெரியாத ஊரில், எட்டு மணி நேரம், வெயிலில், ஒரு கேட்டுக்கு வெளியே அவர் எங்கே உட்காருவார்? அரை மணிக்கு ஒரு தடவை உனக்குப் போன் போடுவார், உள்ளே உனக்கு சிக்னல் கிடைக்காது, அவருக்கும் நிம்மதி இருக்காது, உனக்கும் இருக்காது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த மேலங்கியை அவர் தைத்திருக்கிறார். என்ன வேடம், அந்தப் பாத்திரம் யார் என்று தெரியாமலே தைத்திருப்பார். அதை நீ போட்டுக்கொண்டு நடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் உன்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதை அவர் பார்க்க வேண்டாமா? போகும் முன் ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கதையை அவருக்குச் சொல். சின்ன வயதில் அவர் என்ன கதைகள் படித்தார் என்று அவரையும் கேள். 1972-லிருந்து சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. அவர் வயதுப் பெண்கள் பலர் அண்ணன் தம்பி வைத்திருந்ததை ஒளித்து எடுத்துப் படித்தவர்கள்தான்.

அவருக்கு உள்ளே வேலையும் இருக்கும். தோள் கவசத்தின் பின்பக்கக் கொக்கி உன் கைக்கு எட்டாது, தோழிகள் மாட்டினால் துணி சேர்ந்து இழுபடும். எந்தத் தையல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று தைத்தவருக்குத்தான் தெரியும். மேலங்கி என்ன நிறம் என்று நீ எழுதவில்லை. அதே நிறத்தில் ஒரு நூல்கண்டு கோவை ராஜ வீதியில் வாங்கி, இப்போதே அம்மாவின் கைப்பையில் போட்டு வை.

அன்புடன்,
அக்கா